நமக்குள்ள என்ன டிக்கெட்டு

எங்கள் கம்பெனியில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒருமுறை என் மேசைக்கு அனுப்பிவைப்பார்கள். வேலை கற்றுக்கொடுக்க அல்ல, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஐ.டி.காரரிடம் எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுக்க. சிரிக்காதீர்கள். மறைமலை நகரில் கார்களுக்கு ரப்பர் உதிரிப்பாகம் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதில் பர்ச்சேஸ் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். கம்ப்யூட்டர் நின்றால் அங்கே ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது.

"மேனேஜரை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல மாடிப்படிக்குக் கீழ இருக்கிற ரூமுக்குப் போய் ஒரு வணக்கம் வெச்சுட்டு வா," என்பேன். "ஏதாவது ரிப்பேர் ஆனப்புறம் போய் நிக்காதே. ஒண்ணும் ஆகாத நாள்ல போ." புதுப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். கொஞ்சமென்ன, நிறையவே. அந்தத் தலைக்கனத்தால் ஒரு மனுஷனுக்கு வேலை போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறவியிலேயே இப்படி நல்லவளாக இருந்ததில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி. முன்பு இருந்த ஐ.டி.காரரை ஒருநாள் எல்லார் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பாஸ்வேர்டு மாற்றித்தர மூன்று மணி நேரமா என்று கத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் என் கம்ப்யூட்டர் படுத்தது, "பார்ட் வரணும் மேடம்" என்று நான்கு நாள் காக்கவைத்தார். சப்ளையர்களுக்கெல்லாம் கையால் எழுதி அனுப்பினேன். அப்போதுதான் புத்தி வந்தது. இவர்களைப் பகைத்துக்கொண்டால் நம் பிழைப்பு நாறிவிடும்.

அவர் போனபின் ஒரு புதியவர் வந்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதிருக்கும். மாடம்பாக்கத்திலிருந்து பைக்கில் வருவார். எங்கள் கம்பெனி ஆள் இல்லை, ஓர் ஏஜென்சி மூலம் கான்ட்ராக்டில் அனுப்பப்பட்டவர். தொழிற்சாலைக்குள் இருப்பவர்கள் அவரைச் 'சிஸ்டம் சார்' என்பார்கள். நான் 'தம்பி' என்பேன். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அந்த அறையில், சர்வருக்காக ஓடும் ஏ.சி. குளிரில், நடுவெயில் காலத்திலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தமுறை பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். "சிஸ்டம் ஒர்க் ஆகல" என்று மொட்டையாகச் சொல்லமாட்டேன். திரையில் என்ன வந்ததோ அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, எந்தப் பட்டனை அழுத்தியபோது வந்தது என்றும் சொல்வேன். கீபோர்டில் காபியைக் கொட்டியபோது, "நான்தாம்பா கொட்டினேன், எறும்பு மேல பழி போட மாட்டேன்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து உண்மைய ஒத்துக்கின முதல் ஆளு நீங்கதான்," என்றார். அவர் சாப்பிடும் நேரத்தில் போய் நிற்கமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் செய்கிற கேக்கில் முதல் துண்டு மேனேஜருக்குப் போகாது, அந்த அறைக்குத்தான் போகும். வேலை ஆகவேண்டும் என்பதற்காக ஆரம்பித்ததுதான், ஒளிப்பானேன். ஆனால் போகப்போக அவரை நிஜமாகவே பிடித்துப்போயிற்று.

அவருக்கு ஒரே மகள், அப்போது ஐந்து வயது. பிள்ளைக்கு வலிப்பு உண்டு. கம்பெனி வேலையில் இருக்கிறவரை ஒரு மருத்துவ அட்டை கொடுப்பார்கள், அந்த அட்டையைக் காட்டித்தான் மாதாமாதம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். "மாத்திரை ஒரு நாள் தவறினாலும் வந்துடுது மேடம்," என்று சொல்லியிருக்கிறார். எங்கள் மேனேஜர் வருடாவருடம், "அடுத்த வருஷம் உன்னைப் பர்மனென்ட் பண்ணிடலாம்யா" என்பார். அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

இப்போது அந்த டிக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெட் ஆபீஸ் ஒரு பக்கம் வைத்திருந்தது. கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து, என்ன கோளாறு என்று எழுதி அனுப்பவேண்டும். அதற்கு ஒரு எண் வரும். அதுதான் டிக்கெட். ஐ.டி.காரர் சரிசெய்துவிட்டு அந்த எண்ணை மூடுவார். அது ஒரு தொல்லைபிடித்த பக்கம். கேட்ட கேள்வியையே மூன்று தடவை கேட்கும், கடைசியில் அனுப்பப்போகும்போது வெளியே தள்ளிவிடும்.

ஆரம்பத்தில் தம்பி கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் கேட்பார். "மேடம், வேலை முடிஞ்சுது. ஒரு டிக்கெட் மட்டும் போட்டுடுறீங்களா?"

"அட போப்பா. நமக்குள்ள என்ன டிக்கெட்டு?" என்பேன்.

அவரும் சிரித்துக்கொண்டு போய்விடுவார். இது அப்படியே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. நான்தான் பரப்பினேன். புதுப் பிள்ளைகளிடமும் அதையே சொன்னேன். டிக்கெட் போடுகிறவன் அந்நியன், முறைத்துக்கொண்டு நிற்கிறவன். டிக்கெட் போடாமல் நேரே போய்த் தோளில் கைபோட்டுக் கூப்பிடுகிறவன் நம்ம ஆள். வீட்டு மனுஷனிடம் எழுதிக்கொடுத்தா தண்ணீர் கேட்போம்? இப்படியே பேசிப்பேசி, கடைசியில் எங்கள் இடத்தில் டிக்கெட் போடுவதே ஒரு மரியாதைக்குறைவாக ஆகிவிட்டது. கணக்குப்பிரிவில் ஒரு பெண் அதைப் போட்டதற்காக, "என்னம்மா, சிஸ்டம் சாரோட சண்டையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் மட்டும் சொல்கிறேன், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியட்டும். லேபிள் அடிக்கிற பிரிண்டர் காலையிலேயே நின்றுவிட்டது. பெட்டியில் அந்தக் கோடுபோட்ட லேபிள் இல்லாவிட்டால் கார் கம்பெனி வாசலிலேயே லாரியைத் திருப்பிவிடும். அன்றைக்குத் தம்பி லீவு, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். டெஸ்பாட்ச் பார்க்கிற அண்ணன் என்னிடம் ஓடிவந்தார். "இன்னா மேடம், வண்டி ரெடியா நிக்குது, லேபிள் ஒண்ணும் வரமாட்டேங்குது. ஒரே பேஜாரா கீது. நீங்க கூப்டா வருவாரு, ஒரு போன் போடுங்க."

போட்டேன். வெட்கமில்லாமல் போட்டேன். டாக்டரைப் பார்த்தாயிற்றா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வந்தார், பைக்கின் முன்னால் மகளை உட்காரவைத்துக்கொண்டு. பிள்ளையை என் நாற்காலியில் விட்டுவிட்டு டெஸ்பாட்ச்சுக்கு ஓடினார். அது பர்ச்சேஸ் ஆர்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் மீன் வரைந்து தள்ளியது. லாரி போனது. அவர் கையெல்லாம் மை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, "ஆஸ்பத்திரி டோக்கன் போயிருக்கும் மேடம், நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார். அதற்கும் டிக்கெட் இல்லை. ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தோம்.

அதற்கு அடுத்த வருடம் ஹெட் ஆபீஸில் செலவைக் குறைக்கக் கிளம்பினார்கள். எங்களுக்கு இன்னொரு தொழிற்சாலை ஒரகடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஐ.டி.காரர் போதும் என்று முடிவாகியது. யார் இருப்பது, யார் போவது என்று பார்க்க அவர்களுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. டிக்கெட் கணக்கு.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஒரகடத்து ஆளை எனக்குத் தெரியும். சிடுமூஞ்சி. டிக்கெட் எண் சொல்லாமல் அவன் நாற்காலியைவிட்டு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. மவுஸில் பேட்டரி போட்டாலும் ஒரு டிக்கெட், அதைத் திருப்பிப் போட்டால் இன்னொரு டிக்கெட். அவனுடைய கோடு உச்சிவரை எழும்பி நின்றது. எங்கள் தம்பியுடையதைக் குனிந்துதான் தேடவேண்டியிருந்தது. ஆறு வருடத்து உழைப்பு அடியில் ஒரு தீற்றலாகக் கிடந்தது.

"உங்க ஆளு நாள்பூரா என்னதான் பண்றான்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?" என்றார் மேனேஜர்.

"என்ன பண்றாரா? அவர் இல்லன்னா இந்தக் கட்டடமே நிக்காது சார். சொல்லுங்க அவங்ககிட்ட."

"நான் சொன்னா கேப்பாங்களா? அவங்களுக்கு நம்பர் வேணும். இன்னும் ரெண்டு வாரத்துல முடிவு பண்ணிடுவாங்க."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஹெட் ஆபீஸ்மேல் கோபம். என்மேல் கோபம் வரவில்லை, அதற்கு நாளாயிற்று. நம்பர்தானே வேண்டும், தருகிறேன் பார் என்று கீழே இறங்கி வந்தேன்.

அன்றைக்கும் மறுநாளும் தம்பி லீவு, ஊரில் ஏதோ கல்யாணம். அவருக்குத் தெரியாமலே செய்துவிடவேண்டும் என்று நினைத்தேன். கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்களிடம் மேசை மேசையாகப் போனேன். "எல்லாரும் டிக்கெட் போடுங்க. இந்த ஒரு வருஷத்துல அவர் உங்களுக்கு என்னென்ன பண்ணினாரோ எல்லாத்துக்கும் போடுங்க. பழைய விஷயம்னு எழுதாதீங்க. இப்பதான் ரிப்பேர் ஆன மாதிரி எழுதுங்க. இல்லேன்னா ஒத்துக்க மாட்டாங்க."

யாரும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் அவர்மேல் பிரியம்தான். டெஸ்பாட்ச் அண்ணனுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தேன். அந்த லேபிள் பிரிண்டரை ஐந்து தடவை ரிப்பேராக்கினோம். முதல் டிக்கெட் என்னுடையது, அதிகமும் என்னுடையவை. இரண்டு நாளும் அந்த இடமே ஒரு திருவிழாப் போல இருந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம், "இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணினேன்" என்று சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை தம்பி வேலைக்கு வந்தார். பத்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்து நின்றார். 

"மேடம், யார் இதையெல்லாம் போடச் சொன்னது?"

"நான்தான். ஏன்? உனக்காகத்தாம்பா." விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வேலை ஆபத்தில் இருப்பதே என் வாயிலிருந்துதான் தெரிந்தது. 

"ரெண்டே நாள்ல இவ்ளோ வந்தா சந்தேகப்படுவாங்களே மேடம். இதுல நேரம்லாம் பதிவாகும். இத நான் மூடலைன்னா டயத்துக்குள்ள வேலை முடிக்கலைன்னு என்மேல ஏறும். மூடினா, ஒரு மணி நேரத்துல எப்படி இத்தனைய சரி பண்ணினேன்னு கேப்பாங்க."

"ஒருத்தனும் உக்காந்து பாக்கமாட்டான். அவங்களுக்கு மொத்தம் எவ்ளோன்னுதான் வேணும். மூடிடுப்பா. மூடினா முடிஞ்சுது."

"மேனேஜர்கிட்ட உள்ளதைச் சொல்லிடட்டுமா?"

"ஐயோ, வேற வினையே வேண்டாம். எல்லாரும் மாட்டிக்குவோம். நான் சொல்றேன் இல்ல? மூடு."

 அவர் போய் எல்லாவற்றையும் மூடினார். நான் சொல்லித்தான் மூடினார். இதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் எழுதவேண்டிய வேறு இடத்தில் எழுதவில்லை.

நம்பரை உட்கார்ந்து பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். பத்தே நாளில் ஹெட் ஆபீஸிலிருந்து ஹெச்.ஆர். பெண் ஒருத்தி வீடியோ காலில் வந்தாள். தமிழ்ப் பெண்தான், என் மகள் வயது. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. மீட்டிங் அறையில் நான் மட்டும். முதல் டிக்கெட்டும் அதிக டிக்கெட்டும் என்னுடையவை என்பதால் என்னை மட்டும் கேட்டால் போதும் என்றாள். லீவில் இருந்த ஒருவர் திரும்பி வந்து ஒரு மணி நேரத்தில் அத்தனை கோளாறையும் தீர்த்ததாகக் காட்டுவது பொய்க்கணக்கு, அவர் எல்லாரையும் தூண்டிவிட்டுத் தன் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டதாகச் சந்தேகம் என்றாள்.

"ஒரே கேள்விதான் மேடம். டிக்கெட் போடுங்கன்னு அவர் உங்ககிட்ட கேட்டாரா? யெஸ் ஆர் நோ சொன்னா போதும்."

இல்லை என்று சொல்லவேண்டும். இல்லை, நான்தான் போட்டேன், நான்தான் மற்றவர்களைப் போடச் சொன்னேன், அவருக்குத் தெரியாது என்று சொல்லவேண்டும். மூன்று வாக்கியம். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். சப்ளையர்களை நடுங்கவைத்த வாய். டிரைவர், செக்யூரிட்டி, மேனேஜர் யாரையும் விட்டதில்லை. அந்த வாயில் அன்றைக்கு என்ன அடைத்துக்கொண்டது?

எனக்குத் தெரியும் என்ன அடைத்துக்கொண்டது என்று. பொய்க்கணக்கு எழுதியவளைப் பர்ச்சேஸ் பிரிவில் ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள். ஓய்வுபெற எனக்கு நான்கு வருடம் இருந்தது. என் கணவர் அதற்கு முந்தைய வருடம்தான் வேலையைவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் காரணம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் இதெல்லாம்கூட ஓடவில்லை. வெறும் பயம். சிட்லபாக்கத்தில் என் தெருவில், என் சர்ச்சில், 'அந்த அம்மாவை வேலையைவிட்டுத் துரத்திட்டாங்களாமே' என்று பேசுவார்கள் என்ற பயம்.

"அவரு எப்பவுமே டிக்கெட் போடுங்க, டிக்கெட் போடுங்கன்னு சொல்லிக்கிட்டுதான் இருப்பாரு," என்றேன்.

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆறு வருடமாக அவர் கெஞ்சியதும் நான் தட்டிவிட்டதும் நடந்ததுதானே? அந்தப் பெண் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

"அப்போ யெஸ்னு போட்டுக்கறேன் மேடம்," என்றாள்.

நான் தலையை ஆட்டினேன்.

வெளியே வந்தபோது டெஸ்பாட்ச் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "இன்னா மேடம் கேட்டாங்க? நம்ம சிஸ்டம் சாருக்காகப் பேசிட்டீங்க இல்ல?"

"பேசிட்டேன் அண்ணா," என்றேன். அதுதான் பொய்.

மறுநாள் மதியமே அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஆட்குறைப்பில் போயிருந்தால் ஏஜென்சி வேறு கம்பெனிக்கு அனுப்பியிருக்கும், அந்த மருத்துவ கார்டும் தொடர்ந்திருக்கும். இது அப்படி இல்லை. பதிவைத் திருத்தி ஏமாற்றியவர் என்று ஏஜென்சிக்கு எழுதிப்போட்டுவிட்டார்கள். ஏஜென்சி கைகழுவிவிட்டது. நான் உதவுகிறேன் பேர்வழி என்று கிளம்பாமல் இருந்திருந்தால், அதிகபட்சம் அவருக்கு இடம்தான் மாறியிருக்கும்.

செக்யூரிட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போகும்போது அலுவலகத்தில் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மஃப்ளர், டிபன் டப்பா, மகளின் படம் ஒன்று, எல்லாம் ஒரு துணிப்பையில். ஒவ்வொரு மேசையாக நின்று "வரேன் சார்", "வரேன் மேடம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். என் மேசைக்கு வந்தபோது நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை. அவர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவருக்காகவும் அந்தப் பிள்ளைக்காகவும் ஜெபித்தேன். கண்ணீர்கூட வந்தது. சீ, என்று இருக்கிறது இப்போது நினைத்தால். கடவுளிடம் மணிக்கணக்கில் பேசமுடிந்தவளுக்கு அந்தப் பெண்ணிடம் அரை நிமிடம் பேசமுடியவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அழித்தேன். அவருக்குப் போன் செய்யவும் இல்லை. எடுத்துப் பேசினால் என்ன சொல்வது?

இப்போது ஒரகடத்து ஆள் வாரத்தில் இரண்டு நாள் வருகிறான். எல்லாரும் ஒழுங்காக டிக்கெட் போடுகிறோம். புதிதாகச் சேர்கிறவர்களை இன்னும் என் மேசைக்கு அனுப்புகிறார்கள், நான் ஏதாவது வேலையைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

நான்கு மாதம் கழித்து, ஒரு காலையில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்தேன். "மேடம்!" என்று குரல். திரும்பவேண்டியதே இல்லை, யாரென்று தெரிந்துவிட்டது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. பைக்கை விற்றுவிட்டதாகச் சொன்னார். கூடுவாஞ்சேரியில் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் கடை ஒன்றில் இருக்கிறாராம்.

"பாப்பா எப்படிப்பா இருக்கா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்கமுடியாதே.

"கார்டு நின்னுபோச்சு இல்ல மேடம், நடுவுல மாத்திரை கொஞ்சம் முன்னபின்ன ஆயிடுச்சு. ரெண்டு தடவை வந்துடுச்சு. ரெண்டாவது தடவை ரொம்ப நேரம். அதுக்கப்புறம் பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு ஆயிடுச்சு. டாக்டர் சரியாயிடும்ங்கறாரு. ஆவுதா பாக்கலாம்."

 அவரே தொடர்ந்து பேசினார்.

"உங்களைப் பாத்துச் சொல்லணும்னே இருந்தேன் மேடம். டெஸ்பாட்ச் அண்ணன் எல்லாம் சொன்னாரு. அத்தனை பேரும் வாயை மூடிகினு இருந்தப்போ, ஹெட் ஆபீஸ்காரங்க முன்னாடி நீங்க ஒருத்தர்தான் எனக்காகப் பேசினீங்களாமே. என் வைஃப் கிட்ட சொன்னேன். வாரா வாரம் கோயில்ல பாப்பா பேருக்கு அர்ச்சனை பண்றா. உங்க பேரையும் சேத்துச் சொல்றா. நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"குருக்கள் நட்சத்திரம் கேட்டாராம். அவங்களுக்கு அதெல்லாம் கிடையாது சாமி, பேரு மட்டும் சொல்லுங்கன்னு சொல்லிட்டாளாம்."

வண்டி வந்து நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே வண்டிதான். அவர் பின்னால் நகர்ந்து, நான் முதலில் ஏறுவதற்கு வழிவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டிக் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டு நின்றார்.

"நான் லேடீஸ்ல ஏறிக்கிறேன்பா," என்று சொல்லிவிட்டு நடந்தேன்.